மூட்டுப் பொம்மை, பிவிசி சிலை, ரெசின் சிலை: எது எப்படிக் கெடுகிறது?

சேகரிப்புப் பொம்மை வாங்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த நிறுவனத்தின் தரம் நல்லது?" என்றுதான். பல ஆண்டுகளாகச் சேர்த்துவரும் எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவாக உதவியதில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே பொம்மையில் ஒரு பெட்டி அப்பழுக்கில்லாமல் இருக்கும். பக்கத்துப் பெட்டியில் கண் கோணியிருக்கும். பொம்மை எந்த வகை என்பதுதான் அதில் வரக்கூடிய குறையைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது. அந்தக் குறை எப்போது தலைகாட்டும், வந்தால் நம் கையால் சரிசெய்ய முடியுமா என்ற இரண்டையும் வைத்தே மூட்டு அசையும் பொம்மை, பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த அசையாத சிலை, ரெசின் என்ற கெட்டிப் பிசினில் வார்த்த சிலை ஆகிய மூன்று வகைகளையும் எடைபோடுகிறேன்.

மூட்டு அசையும் பொம்மையில் குறை பெரும்பாலும் முதல் நாளே தெரிந்துவிடும். ஆறு அங்குல உயரத்துக்குள் முப்பதை ஒட்டிய மூட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துண்டுகள். இடது தொடையும் வலது தொடையும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் மாறிப்போகின்றன. இரண்டு இடது கைகளோடு வந்த பொம்மையையும் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு வாங்கிய ஒன்றில் வலது முழங்கால் அசையவே இல்லை. வர்ணம் மூட்டுக்குள் இறங்கி உறைந்திருந்தது. பலங்கொண்டு மடக்கியிருந்தால் மூட்டைப் பிணைக்கும் முளை முறுக்கிக்கொண்டு அறுந்திருக்கும். அறுவதற்கு முன் பிளாஸ்டிக்கில் மெல்லிய வெண்கோடு ஒன்று தோன்றும். அதைக் கண்டதும் கையை எடுத்துவிட வேண்டும். ஹேர் டிரையரால் சற்று நேரம் சூடு காட்டி, முன்னும் பின்னும் நூலளவு நூலளவாக அசைத்தேன். மூன்றாம் முறை 'டிக்' என்று விட்டுக்கொடுத்தது. தளர்ந்த மூட்டுக்கும் வழி இருக்கிறது: மூட்டின் உருண்டை முனையில் சூப்பர் குளூவை மெல்லிய படலமாகத் தடவி, முற்றிலும் காய்ந்த பிறகு மாட்டினால் பிடிப்பு திரும்பிவிடும்.

முகம்தான் கைவைக்க முடியாத இடம். முகத்தை அச்சிடும் வழக்கமான முறையில், மென்மையான சிலிக்கோன் மெத்தை ஒன்று தகட்டிலிருந்து மையை எடுத்து முகத்தில் ஒற்றுகிறது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தலையில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் பார்வை மாறுகண்ணாகிவிடும். இப்போது சில நிறுவனங்கள் நுண்புள்ளிகளாக முகத்தை டிஜிட்டல் முறையில் அச்சிடுகின்றன. சரியாக விழுந்தால் நிழற்படம்போல இருக்கிறது. விலகினால் புருவம், கண், உதடு எல்லாம் சேர்ந்தே ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.

இதனால்தான் உள்ளிருக்கும் பொம்மையைக் காட்டும் பெட்டியின் பிளாஸ்டிக் சன்னல் எனக்கு இவ்வளவு முக்கியம். பெட்டிகளில் பிளாஸ்டிக்கைக் கைவிடப்போவதாகப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2019இல் அறிவித்து, பின்னர் பல பொம்மைகளைச் சன்னலே இல்லாத அட்டைப் பெட்டியில் விற்றது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு பெட்டிகளை எடுத்து முகம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழி அதோடு அடைபட்டது. 2023இல் சன்னலைத் திரும்பக் கொண்டுவருவதாக அவர்களே அறிவித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன்.

அசையாத பிவிசி சிலைக்கு நேர்மாறான குணம். வரும்போது அழகாகவே வரும். தலைமுடித் துண்டுகள் சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி, எங்காவது ஒரு வர்ணப்புள்ளி, அவ்வளவுதான். கெடுவது பிறகு. மென்மையான பிவிசி தன் எடையைத் தானே தாங்கித் தாங்கி வளைகிறது. அறை வெப்பமாக இருந்தால் இன்னும் வேகமாக. என்னிடம் ஒற்றைக் காலில் நிற்கும் வாள்வீரன் சிலை ஒன்று உண்டு. வைத்த நாளில் வாள் நுனிக்கும் அலமாரிப் பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. மூன்றாம் ஆண்டில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை. கணுக்காலை வெந்நீரில் இளக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினேன். நிமிர்ந்தது. எடை விழும் இடம் மாறவில்லையே, மறுபடி சாயத் தொடங்கிவிட்டது. இப்போது இடுப்புக்குக் கீழே கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் கோலை முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

பிசுபிசுப்பு இன்னொரு தொல்லை. பிவிசியை மென்மையாக்கக் கலக்கும் இளக்கிகள் காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்து ஒட்டுகின்றன. தூசியும் அதில் படிகிறது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவினால் போகும், சில மாதங்களில் திரும்பி வரும். இவற்றைவிட மோசமானது சாயம் இறங்குவது. கறுப்பு உடையின் நிறம் அதை ஒட்டியிருக்கும் தோல்நிறப் பகுதிக்குள் ஊறிவிட்டால் எந்தக் கழுவலும் அதை முழுதாக எடுக்காது.

மூட்டுப் பொம்மைக்கு முதுமை நோய் இல்லை என்று சொல்லவில்லை. 1980களின் இறுதியில் வந்த சில டிரான்ஸ்ஃபார்மர்ஸ் (உருமாறும் ரோபோ) பொம்மைகளின் பொன்னிறப் பிளாஸ்டிக், பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் நொறுங்குகிறது. அதற்கு மருந்து கிடையாது. ஆனால் 1982இன் ஜி.ஐ. ஜோ என்ற 3.75 அங்குலப் படைவீரர் பொம்மைகளைப் பாருங்கள். உடலை ஒன்றாகப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம். அது காய்ந்து அறுந்ததும் பொம்மை இரண்டாகிவிடும். முதுகுத் திருகாணியைக் கழற்றிப் புதிய வளையம் மாட்டினால் மறுபடி எழுந்து நிற்கும்.

ரெசின் சிலை சாயாது, பிசுபிசுக்காது. அச்சிலேயே காற்றுக்குமிழிக் குழிகள் விழுவதுண்டு. வர்ணம் கையால் தீட்டப்படுவதால் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபடும். பெரிய ஆபத்து பயணத்தில்தான். கனமும் அதிகம், வளைந்துகொடுக்கும் தன்மையும் இல்லை. விரல், வாள், கொடி என மெல்லியதெல்லாம் முறிகிறது. முறிவு சுத்தமாக இருந்தால் எப்பாக்சி பசையால் ஒட்டலாம், ஆனால் அந்த வர்ணத்தைத் திரும்பக் கொண்டுவருவது தேர்ந்த கைக்கே கடினம். குறைந்த எண்ணிக்கையில் வார்ப்பதால் மாற்றுத் துண்டு கேட்டாலும் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும்.

ஆகவே நான் முதலில் கைநீட்டுவது மூட்டுப் பொம்மைக்கு. அதன் பெட்டியில் சன்னல் இல்லையென்றால், திறந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் மட்டுமே வாங்குகிறேன். பிவிசி சிலை என்றால் இரண்டு கால்களும் தரையில் ஊன்றியவையாகவும், கறுப்புத் துணி வெளிர்நிறத் தோலைத் தொடாதவையாகவும் பார்த்து எடுக்கிறேன். ரெசின் சிலை ஒன்றுதான் வைத்திருக்கிறேன். அதன் நுரைப் பொதியை இன்றும் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.