ரிச்சி தெருவில் 16 டிபி டிஸ்க் வாங்கியவர்கள் கொஞ்சம் இதைப் படியுங்கள்

வடபழனியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். மொத்தம் ஒன்பது பேர். மூன்று கேமரா ஓடினால் ஒரு கல்யாணமே முக்கால் டிபியைத் தாண்டிவிடும். பல வருடமாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் எழுதிய பேப்பர் டேப்பை ஒட்டி, பீரோவில் அடுக்கி வைத்திருந்தோம். ஒரு ஃபைலைத் தேட அரை மணி நேரம் ஆகும். இனி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும், வேலை கூடக் கூட இடத்தையும் கூட்டிக்கொள்ளலாம் என்று 2025 தை முகூர்த்தங்கள் முடிந்த கையோடு ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு நாஸ் வாங்கினேன், அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகப் போட்டு ஆபீஸ் நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் பாக்ஸ்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "எட்டு டிஸ்க் போடுற பாக்ஸ் அண்ணே. இப்போ நாலு போட்டுக்கோங்க, பத்தலைன்னா ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம். எரநூறு டிபி வரைக்கும் போகும்." எல்லா டிஸ்க்கும் சேர்ந்து ஒரே இடமாகத் தெரியும் வால்யூம் 108 டிபிக்கு மேல் போகாது என்று அந்த மாடலின் விவரத்தாளிலேயே இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அதுகூடப் பரவாயில்லை. நான்கு 16 டிபி சீகேட் எக்ஸோஸ் டிஸ்க். ஒரு டிஸ்க் அளவு இடத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் ரெய்டு 5 முறை, அதனால் கைக்கு 48 டிபி. பாக்ஸோடு சேர்த்து இரண்டரை லட்சத்துக்கு மேல். பில்லில் "ஹார்ட் டிஸ்க் 16 டிபி, 4" என்று ஒரே வரி. சீரியல் நம்பர் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஏழாவது வாரம் ஒரு டிஸ்க் போனது. ரெய்டு 5-இல் ஒன்று போனால் டேட்டா போகாது என்ற தைரியத்தில் வேறு டிஸ்க் போட்டு, போனதில் இருந்த டேட்டாவை அதில் திரும்ப எழுதும் ரீபில்டு கொடுத்தோம். 16 டிபியை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலே 22 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் மீதி மூன்று டிஸ்க்கையும் நுனி வரை படித்துக்கொண்டே இருக்கும். பழைய டிஸ்க்காக இருந்தால் அந்த நேரத்தில்தான் அடுத்தது விழும். விழுந்தது. வால்யூம் மொத்தமும் போனது.

பழைய கல்யாணங்களை பீரோவில் இருந்த டிஸ்க்குகள் காப்பாற்றின. அதற்குப் பிறகு எடுத்த மூன்று கல்யாணம் நாஸில் மட்டும்தான் இருந்தது. கேமரா கார்டுகளை அழித்துவிட்டோம். மைலாப்பூர் கல்யாணத்தில் முகூர்த்த நேரம், எங்கள் எடிட்டர் தன் சிஸ்டத்தில் வைத்திருந்த பிராக்ஸியில், அதாவது எடிட்டிங்குக்காக எடுத்த தரம் குறைந்த சின்ன நகலில் மட்டும் மிஞ்சியது. பெண்ணின் அப்பாவுக்கு நானே போன் செய்தேன். "தாலி கட்டுறது இருக்காப்பா?" என்று அதை மட்டும் கேட்டார். இருக்கிறது சார், ஆனால் தெளிவாக இருக்காது என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவேயில்லை.

சிஸ்டம் அட்மின் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வந்து டிஸ்க்குகளைப் பார்த்தார். டிஸ்க் எவ்வளவு நேரம் ஓடியது என்று அதுவே குறித்து வைக்கும் வழக்கமான ஸ்மார்ட் கணக்கில் 1,170 மணி நேரம். நாங்கள் ஓட்டிய ஏழு வாரத்துக்குச் சரியாக இருந்தது. பிறகு சீகேட் டிஸ்க்கில் ஓடிய நேரம் தனியாகவும் பதிவாகும் ஃபார்ம் (FARM) லாகைத் திறந்தார். 27,400 மணி நேரம். மூன்று வருடத்துக்கும் மேல்! "அண்ணா, இங்க பாருங்க" என்று டிஸ்க்கைத் திருப்பிக் காட்டினார். ஸ்க்ரூ துளைகளின் ஓரத்தில் பெயின்ட் தேய்ந்திருந்தது. லேபிளில் தயாரிப்பு வருடம் 2021. இவ்வளவும் முதல் நாளே என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

இந்த மோசடி 2025 ஜனவரியிலேயே ஜெர்மனியில் வெளிவந்திருக்கிறது. டிஸ்க் இடத்தை வைத்துச் சம்பாதிக்கும் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓடித் தேய்ந்த டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை அழித்து, புதிது என்று விற்றார்கள் என்று சந்தேகம். சீகேட் கம்பெனி மேல் எனக்குக் குறை இல்லை, நடுவில் கைமாற்றியவர்கள் செய்த வேலை இது.

கடையில் கேட்டால் "டெஸ்டிங்ல ஓடியிருக்கும் அண்ணே" என்றார். டெஸ்டிங்கில் மூன்று வருடமா? சண்டை போட்டு இரண்டு டிஸ்க்கை மாற்றி வாங்கினேன், மீதி இரண்டு இன்னும் இழுபறி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், 2019 சட்டப்படி வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் கணக்கில் வரமாட்டார். பிழைப்புக்கான சுயதொழிலுக்காக மட்டும் வாங்குபவருக்குத்தான் விலக்கு. ஒன்பது பேர் வேலை செய்யும் ஆபீசுக்கு அது கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அதனால் ஆபீசுக்கு வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே எல்லாம் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் ஏற வேண்டும். கடையில் நின்றபடியே அதைக் கம்பெனி வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். விற்றவரைக் கேளுங்கள் என்று வந்தால் அந்த டிஸ்க் வேண்டாம். சீகேட் என்றால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் ஃபார்ம் லாகைப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. நாங்கள் இப்போது ரெய்டு 6-க்கு மாறிவிட்டோம், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். அது போக ஒவ்வொரு கல்யாணமும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல். வீடியோவை டெலிவரி கொடுக்கும்வரை கார்டை அழிப்பதில்லை.

ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றே பாருங்கள். ஆனால் முதலில் டேட்டாவை வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட்டு, அதற்கப்புறம் டிஸ்க்கில் கை வையுங்கள்.