காங்கேயத்துக் கல்லும் ஆதியாகமமும்

ஈரோட்டில் சர்ச்சுக்குப் போகிற வழியில் இருக்கும் இந்தச் சின்ன கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குத் தாராளமாக ஐந்து நட்சத்திரம் தருவேன். "ஏனுங்ண்ணா, பூமிக்கு ஆறாயிரம் வயசுதானுங்களா?" என்று கேட்டேன், கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. பில் பறக்காமல் இருக்க வைத்திருந்த காங்கேயத்துப் படிகக் கல்லை என் மகள் கையில் கொடுத்துவிட்டு, உலகம் படைக்கப்பட்டதாகச் சொல்லும் கி.மு. 4004 என்ற வருடம் வேத வசனத்தில் இல்லை, 1650இல் பேராயர் ஜேம்ஸ் அஷர் வேதாகமத்து வம்ச வரலாறுகளைக் கூட்டிப் போட்ட கணக்கு அது, விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து 1956இல் விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் சொன்னது சுமார் 455 கோடி வருடம் என்று பொறுமையாக விளக்கினார். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று சொல்லும் பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். விசுவாசம் துளியும் குறையாமல் வீட்டுக்கு வந்தோம். கடையில் அறிவியல் புத்தகங்களுக்கு ஒரே ஒரு அலமாரித் தட்டுதான், அதை மட்டும் கூட்டுங்க அண்ணா.