கோத்தகிரியில் எங்கள் துரையை வரையக் கொடுத்தோம்: நாற்பது போட்டோவில் தேறியது இரண்டு

எங்கள் துரைக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. நாட்டு நாய், உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெற்றிலையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, இடது காது பாதியில் மடிந்து தொங்கும். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பினால் கேட் வரைக்கும் கூடவே நடந்து போய், அவர் உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருவான். போன வருடம் கால்நடை டாக்டர் அவன் இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்றார். அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்துவிட்டேன், இனிமேலும் தள்ளிப்போடாமல் இவனை வரைந்து வைத்துவிட வேண்டும் என்று.

இதற்கு முன்னால் ஒரு முறை ஆன்லைனில் ஓர் இடத்தில் கொடுத்துப் பார்த்திருந்தேன். ஒரு போட்டோ அப்லோட் செய், பணம் கட்டு, படம் வீட்டுக்கு வந்துவிடும், அவ்வளவுதான், யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்த படத்தில் ஒரு சாம்பல் நிற நாய் இருந்தது, மூக்கு பெரிதாக, காது சின்னதாக, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பொட்டு. அம்மா பார்த்துவிட்டு "இது யாரோட நாய்?" என்று கேட்டார். அன்றைக்கு வரைந்தவர் மேல் மட்டும்தான் கோபம் வந்தது. தப்பில் பாதி நான் அனுப்பிய போட்டோவிலேயே இருந்தது என்பது இந்த முறை வரைந்து கொடுத்த கோத்தகிரி அக்காவிடம் போன பிறகுதான் புரிந்தது. மீதிப் பாதி, அந்தப் போட்டோவைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டவர்களுடையது.

அக்கா கோடநாடு போகும் ரோட்டில், வீட்டு முன்னறையிலேயே வரைகிறார். போர்டு எதுவும் கிடையாது, அவர் பெயரையும் நம்பரையும் கேட்காமல் இங்கே போட எனக்கு விருப்பமில்லை. வண்ண பென்சில், சாக் பேஸ்டல் இரண்டிலும் செய்கிறார். ஏ3 அளவில் முகம் மட்டும் என்றால் எங்களுக்கு ஆறாயிரம் ஆனது, பாதி அட்வான்ஸ், பிரேம் தனி. ஆனால் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் அவர் கேட்டது போட்டோவைத்தான்: "பிடிச்சதை மட்டும் அனுப்பாதீங்க தம்பி, போன்ல இருக்கிறது எல்லாத்தையும் அனுப்புங்க." நாற்பது அனுப்பினேன். முதல் கோணலே அங்கே வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், போன் திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எல்லாவற்றையும் டாக்குமெண்டாக மறுபடி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன், மறுநாள் நேரில் வரச் சொன்னார், போனேன், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த படம் முதலிலேயே போய்விட்டது. துரை தூங்கி எழுந்து போனை முகர வந்தபோது எடுத்தது, முகம் முழுக்கத் திரையை நிறைத்திருக்கும், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது செல்லம். அக்கா ஒரு டேப்பை எடுத்து மேசையில் வைத்துக் காட்டினார். நாயின் மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும் சுமார் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் மூக்குக்கு 30 சென்டிமீட்டரில் இருந்தால் காது 50 சென்டிமீட்டரில் இருக்கிறது, அதனால் காதோடு ஒப்பிட்டால் மூக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக விழும். அதே போனை ஆறடி தள்ளிப் பிடித்தால் மூக்கு 180, காது 200, வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான். மனிதர்களுக்கு முகம் தட்டை, நாய்க்கு மூஞ்சி நீண்டது, அதனால் கிட்டப்போய் எடுப்பது நாயைத்தான் அதிகமாகக் கெடுக்கும். தள்ளி நின்று, போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுக்க வேண்டும். நாங்கள் எடுத்ததில் நிறைய நின்றபடி மேலிருந்து எடுத்தவை, தலை பெரிது, கால் குச்சி. பதினைந்து படங்கள் அதிலேயே கழிந்தன.

அப்புறம் ஒரு செல்ஃபி. தங்கை துரையைக் கட்டிக்கொண்டு எடுத்தது, வெளிச்சமெல்லாம் நன்றாக இருந்தது, வீட்டில் யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. அக்கா "எந்தக் காது மடியும்?" என்று கேட்டார். இடது என்றேன். "இதுல வலது மடிஞ்சிருக்கே?" சில போன்களில் முன் கேமரா கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பியே சேமிக்கும். காதும் மாறி, நெஞ்சுத் திட்டின் சாய்வும் மாறியிருந்தது. தினமும் அவனைப் பார்க்கிற நாங்கள் கவனிக்காததை, நாயை ஒரு முறைகூட நேரில் பார்க்காதவர் கவனித்தார்.

கறுப்பு நாய் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். கேமராவுக்குக் கறுப்பு புரியாது. முகம் திரையை நிறைத்தால் இருட்டு என்று நினைத்து எல்லாவற்றையும் வெளிச்சமாக்கிவிடும், நாய் சாம்பலாகிவிடும் (எங்கள் பழைய படத்தின் கதை அதுதான்). பின்னால் வானம் இருந்தால் நேரெதிர், நாய் வெறும் நிழல் உருவமாகிவிடும். போனில் நாயின் முகத்தைத் தொட்டுவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும், நெற்றி ரோமத்தில் பளபளப்பும் தெரிய வேண்டும், கன்னத்தில் கறுப்பும் தெரிய வேண்டும், அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். கறுப்பு ரோமத்துக்கு உருவம் கொடுப்பதே அந்தப் பளபளப்புதான் என்றார் அக்கா. வானத்து வெளிச்சம் பட்டால் அது நீலமாக இருக்கும், மாலை வெயில் பட்டால் செம்பட்டையாக இருக்கும். துரையை வரையும்போது அவர் நிறையப் பயன்படுத்தியது கருநீலமும் அடர் பழுப்பும், தனிக் கறுப்புக் கட்டியை மூக்குத் துளைக்கும் கண் ஓரத்துக்கும் மட்டும்தான் எடுத்தார்.

நம் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. மலையில் நடுப்பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், அதில் எடுத்தால் பாதி முகம் வெள்ளை, பாதி இருட்டு. ஆனால் லேசாக மிஸ்ட் இறங்கிய காலை ஒன்பது, பத்து மணிக்கு வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் பஞ்சு மாதிரி வரும், ரோமம் ஒவ்வொன்றும் தெரியும். ரொம்ப அடர்ந்துவிட்டால் பிரயோஜனமில்லை, எல்லாம் ஒரே தட்டையாகிவிடும். திண்ணையில் நாய் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்க, பின்னால் வெளிர் நிறச் சுவர் இருந்தால் அதைவிட நல்ல இடம் வேண்டாம். இருட்டு வாசலுக்கு முன்னால் கறுப்பு நாயை உட்காரவைத்தால் காது எங்கே முடிகிறது, வாசல் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது.

கண்ணைப் பற்றித்தான் அதிகம் பேசினார். ஃபிளாஷ் போட்டதெல்லாம் ஒரே வரியில் போயின, நாயின் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, அது பச்சையாகத் திருப்பி அடிக்கும். இருட்டு அறையில் எடுத்தவையும் போயின, ஏனென்றால் கண் பாப்பா விரிந்து கண்ணின் பழுப்பு நிறத்தை விழுங்கிவிடும். போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தவற்றில் கண் நன்றாக இருந்தது, காது ஓரமும் மீசை முடியும் பின்னணியோடு சேர்ந்து மழுங்கியிருந்தன. கண்ணில் ஜன்னலோ வானமோ ஒரு சின்ன வெளிச்சமாகத் தெரிய வேண்டும், அது இல்லாத படத்திலிருந்து அவர் வரைவதில்லை. பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டி எடுத்தவற்றையும் ஒதுக்கினார். நெற்றி சுருங்கி, கண் மேலே ஏறி, அது பிஸ்கட் கேட்கிற எந்த நாயும்தானாம். "சும்மா இருக்கும்போது எப்படி இருப்பான்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒரு பழைய மங்கலான படத்தை ஏஐ ஆப்பில் போட்டுத் தெளிவாக்கி அனுப்பியிருந்தேன். பார்க்க அருமையாக இருந்தது. அக்கா அதையும் மூலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெற்றிலைத் திட்டு வட்டமாகியிருந்தது, இல்லாத புருவ முடி வந்திருந்தது, ஓரத்துக் கிழிசல் காணாமல் போய்க் காது முழுசாகியிருந்தது. அந்த ஆப் நம் நாயைப் பார்த்ததில்லை, அது பார்த்த ஆயிரம் நாய்களிலிருந்து இட்டு நிரப்புகிறது. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, மூலத்தைக் கொடுங்கள்.

கடைசியில் இரண்டு தேறின. ஒன்று இரண்டு வருடத்துக்கு முந்தையது, இன்னொன்று நானே அழிக்க இருந்தது: மிஸ்ட் காலையில் திண்ணையில் கேட்டைப் பார்த்தபடி, முக்கால் பக்கமாக, வாய் மூடி உட்கார்ந்திருக்கிறான். அழகான படம் இல்லை. ஆனால் அது துரை. சிக்கல் என்னவென்றால் பழையதில் மூஞ்சி முழுக்கக் கறுப்பு, கண் இரண்டும் தெளிவு, புதியதில் தாடையெல்லாம் நரைத்து, இடது கண்ணில் லேசான நீலம். இரண்டையும் கலந்தால் எந்த வயதிலும் இல்லாத ஒரு நாய் வரும், எந்த வயது துரை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்றார். நான் பழையதைச் சொன்னேன். வீட்டில் கேட்டபோது அப்பா, "இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்டா, நரைச்சா என்ன" என்றார். சரி என்று புதியதையே எடுத்துக்கொண்டோம். அதே திண்ணையில், அதே நேரத்தில், அவர் சொன்ன மாதிரி தள்ளி நின்று குனிந்து மேலும் இருபது எடுத்தேன், காது தனியாக, நெஞ்சுத் திட்டு தனியாக, பக்கவாட்டு ஒன்று. துணைப் படங்களில் வெளிச்சம் முதன்மைப் படத்தில் வரும் பக்கத்திலிருந்தே வர வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது.

நாய் உயிரோடு இல்லாதவர்களுக்கு இப்படி மறுபடி எடுக்க வழியில்லை. எங்கள் பக்கத்து வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிப்போய்விட்டது, இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களிடம் நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லை, வீடியோ நிறைய இருந்தது. அக்கா அந்த வீடியோக்களிலிருந்து காட்சிகளை நிறுத்தி எடுத்தார். 4கே வீடியோவில் நிறுத்திய ஒரு காட்சி சுமார் 8 மெகாபிக்சல், ஏ4 அளவு முகத்துக்குத் தாராளம். ஃபுல் எச்டி என்றால் 2 மெகாபிக்சல்தான், கஷ்டம், ஆனால் ஓடாமல் நிற்கும் இடமாகப் பார்த்தால் கண்ணின் இடைவெளியும் காதின் அமைப்பும் கிடைத்துவிடும். பழைய போனைக் கொடுத்து எக்ஸ்சேஞ்ச் வாங்குவதற்கு முன்னால் வீடியோக்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நாலு வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது, நடுவில் நாமாகப் போன் செய்தால்தான் தகவல் வரும். பென்சில் ஸ்கெட்ச் கட்டத்தில் ஒரு படம் அனுப்பி ஒப்புதல் வாங்கினார், அது நல்ல பழக்கம், ஆனால் வண்ணம் போட ஆரம்பித்த பிறகு ஒன்றும் காட்டவில்லை. கழுத்துப் பட்டை வெளுத்த சிவப்பு, படத்தில் புதுச் சிவப்பாக வந்தது, சொன்னதும் காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தார். பின்னணியில் கேட் வேண்டும் என்று நான் கேட்டேன், முகத்திலிருந்து கண்ணை இழுக்கும் என்று வெறும் சாம்பல் பச்சை மட்டும் வைத்தார். அதில் எனக்கு இன்னமும் உடன்பாடில்லை, ஓரமாகவாவது கேட் இருந்திருக்கலாம். ஆனால் முகம் துரையின் முகம். அந்த இடது கண்ணின் நீலம்கூட இருக்கிறது. படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தபோது அப்பா ஒன்றும் பேசவில்லை, கிட்டே போய் மடிந்த காதின் ஓரத்துக் கிழிசலைப் பார்த்து "இதையும் போட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

பேஸ்டல் என்பது பொடிதான், கண்ணாடியில் ஒட்டக் கூடாது, மவுண்ட் (படத்தின் ஓரத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வைத்து இடைவெளி விட்டுத்தான் பிரேம் போட வேண்டும். பிளாஸ்டிக் இல்லாமல் பட்டர் பேப்பர் மூடி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், இந்த ஈரத்துக்குப் பேப்பரில் பூஞ்சை பிடித்துவிடும். பிரேமின் பின்புறம் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை, அந்த இரண்டு மாதமும் அவர் பேஸ்டல் ஆர்டர் எடுப்பதில்லை. பொங்கலுக்கு வேண்டும் என்றால் ஆவணிக்குள் போட்டோவோடு போய்விடுங்கள்.