வீட்டிலிருந்து தமிழ் டிரான்ஸ்கிரிப்ஷன்: எந்த விசைப்பலகையில் கை பழகுவது?

பேட்டிகளையும் சொற்பொழிவுகளையும் கேட்டு எழுதித் தரும் வேலைக்குக் கூலி பெரும்பாலும் ஆடியோவின் நிமிடக் கணக்கில்தான். ஒரு மணி நேரப் பேச்சை 4 மணி நேரத்தில் முடித்தாலும் 8 மணி நேரத்தில் முடித்தாலும் பணம் ஒன்றே. அதனால் நல்ல ஹெட்போன் வாங்கியதும் அடுத்த கேள்வி, விரலை எதில் பழக்குவது என்பதுதான்.

பலரும் தங்கிலீஷில், அதாவது ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையில், தொடங்குகிறார்கள். முதல் நாளே எழுத வந்துவிடும், அது பெரிய வசதி. ஆனால் பேசியவர் சொன்னது 'பணி' என்று காதுக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகும், திரையில் வரும் பட்டியலில் பனியா பணியா என்று கண் தேட வேண்டியிருக்கிறது. ல, ள, ழ வரும் இடமெல்லாம் இதே கதை. மாதம் ஒரு சின்ன ஃபைல் வருகிறவருக்குச் சரி, பிழைப்பாக எடுப்பவருக்குச் சரிவராது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைத் தேர்வுகளையும் முடித்தால் அரசுச் சான்றிதழ் கிடைக்கும். டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் வேலையும் மனதில் இருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். விசையைப் பார்க்காமல் பத்து விரலாலும் அடிக்கும் ஒழுங்கை அங்கே போல வேறெங்கும் கற்றுத்தர மாட்டார்கள். ஆனால் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் போக வேண்டும். ஏற்கெனவே பழகியவருக்கு கணினியில் தமிழ் அடிக்க உதவும் இ-கலப்பை மென்பொருளிலேயே டைப்ரைட்டர் அமைப்பு இருக்கிறது, மாற வேண்டியதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில் என்பதால் இரு கைகளும் மாறி மாறி ஓடும். 'தங்கம்' அடிக்க த, ங, க, ம, புள்ளி என 5 தட்டு போதும். ங-வுக்குப் புள்ளி தானாக விழும். தங்கிலீஷில் அதற்கு 7. ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினாலும் முதலாவதற்குப் புள்ளி விழும் என்பதால் 'அப்பா'வுக்கு 4 தட்டு. 'மமதை' மாதிரிச் சொல்லில் மட்டும் அந்தப் புள்ளி விழாமலிருக்க இரண்டு ம-வுக்கு நடுவே ஓர் அ தட்ட வேண்டும். முதல் சில வாரங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். தினமும் அரை மணி நேரம் விடாமல் உட்காருங்கள்.

கணினியே கேட்டு எழுதிவிடுகிறதே என்பீர்கள். ஒருவர் நிதானமாகப் பேசினால் எழுதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலோ, கொங்குப் பேச்சில் ஆங்கிலம் கலந்தாலோ வரிக்கு வரி திருத்த வேண்டிவரும், அதற்கும் விரல்தான் வேண்டும். ஓடிரான்ஸ்கிரைப் என்ற இலவசத் தளத்தில் எஸ்கேப் விசை ஆடியோவை நிறுத்தும், எஃப்1 பின்னால் தள்ளும். மவுஸைத் தொடவே வேண்டாம். பயிற்சிக்கு முதலில் வானொலிச் செய்தி, அடுத்துப் பட்டிமன்றம் எடுங்கள். சந்தை இரைச்சலுக்கு நடுவே எடுத்த பேட்டி கடைசியில் இருக்கட்டும்.