வீட்டு மாடில வெதர் ஸ்டேஷன்: மழைமானிக்காகவே வாங்கலாம், காத்து மீட்டரை நம்பாதீங்க

ஒரு வடகிழக்கு பருவமழை, ஒரு முழு கோடை ரெண்டையும் இந்த ஸ்டேஷன் தாம்பரம் பக்கம் எங்க வீட்டு மாடில நின்னு பாத்துடுச்சு, அதனால இப்ப தாராளமா ரிவ்யூ எழுதலாம். செவன்-இன்-ஒன்னு சொல்லி விக்கிறாங்களே அந்த மாடல்தான். டெம்பரேச்சர், ஹியூமிடிட்டி, காத்து வேகம், திசை, மழை, வெயிலோட அளவு, யூவி (புற ஊதாக் கதிர்) எல்லாம் ஒரே வெள்ளை யூனிட்ல ஒரு சின்ன சோலார் பேனலோட வருது, காற்றழுத்த சென்சார் மட்டும் வீட்டுக்குள்ள வைக்கிற குட்டி கேட்வேல இருக்கும், அது வைஃபைல கனெக்ட் ஆகி ஆப்புக்கு அனுப்பிடும். இதே டிசைன் ஏகப்பட்ட பேர்ல கிடைக்குது, அதனால பிராண்ட் பேரை விடுங்க, உள்ள என்ன இருக்கு, நம்ம ஊருக்கு எது உதவும் அதான் விஷயம். வரி எல்லாம் சேர்த்து இருபதாயிரத்தை ஒட்டி ஆச்சு.

போன்லயே வெதர் வருதே இது எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழை ஞாபகம் இருக்கா, மறுநாள் காலை எட்டரை மணிக்கு கணக்கு வந்தப்ப தாம்பரம் 49 செமீ, செம்பரம்பாக்கம் 47 செமீ, நுங்கம்பாக்கம் 29 செமீ. ஒரே நாள், ஒரே சென்னை, இடையில 20 சென்டிமீட்டர் வித்தியாசம். போன் ஆப் காட்டுறது பெரும்பாலும் கம்ப்யூட்டர் மாடல் போட்ட கணக்கு, உங்க தெருவுல விழுந்த மழையை யாரும் அளந்து சொல்றதில்ல. நம்ம ஊர்ல மழை தெருவுக்கு தெரு மாறும், ஐப்பசி மாசம் நடு ராத்திரி கடல்ல இருந்து வர்ற மேகக்கூட்டம் ஒரு ஏரியாவை நனைச்சுட்டு பக்கத்து ஏரியாவை அப்படியே விட்டுட்டு போறதை சென்னைல இருக்கற எல்லாரும் பாத்திருப்போம். அதை அளக்கணும்னா மாடில ஒரு மானி இருக்கணும், வேற வழியே இல்ல.

சரி மழைமானிக்கு வரேன், ஏன்னா இந்த மொத்த பெட்டில எனக்கு உசுரு இதுதான். உள்ள சின்னதா ஒரு சீசா பலகை மாதிரி ரெண்டு பக்க கிண்ணம் இருக்கு, புனல் வழியா வர்ற தண்ணி ஒரு பக்கம் நிறைஞ்சதும் அது சாஞ்சு கொட்டிடும், மறு பக்கம் நிறைய ஆரம்பிக்கும், ஒவ்வொரு சாய்வும் கால் மிமீ மழைன்னு கணக்கு. தூறலுக்கும் சாதா மழைக்கும் நல்லாவே வேலை செய்யுது. பேய் மழைல மட்டும் குறைச்சு காட்டும், ஏன்னா கிண்ணம் சாயற அந்த கண நேரத்துலயும் தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கும், அது கணக்குல வராது. இது இந்த ஒரு மாடலோட குறை இல்ல, இந்த மாதிரி கிண்ண மானி எல்லாத்துலயும் இருக்கறதுதான்.

அதனால பக்கத்துலயே ஒரு சாதா அளவு குழாய் மானியும் வெச்சிருக்கேன், கரண்ட் வேணாம் ஒண்ணும் வேணாம், காலைல போய் கண்ணால பாத்து எழுதிக்கறது. ரெண்டும் எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு பாத்து ஆப்ல மழைக்கு ஒரு பெருக்கல் எண் போடற இடம் இருக்கு, அங்க சரி பண்ணிடலாம். குழாய் மானி இல்லன்னாலும் வீட்லயே செக் பண்ணலாம், புனலோட வாய் விட்டம் அளந்துக்கங்க, உதாரணத்துக்கு 11 செமீ இருந்தா பரப்பு 95 சதுர செமீ, அப்ப 95 மில்லி தண்ணிய சொட்டு சொட்டா ஒரு மணி நேரம் விட்டீங்கன்னா மானி 10 மிமீ காட்டணும். அவசரப்பட்டு மடமடன்னு ஊத்தினா தப்பு கணக்குதான் வரும்.

முக்கியமா இன்னொண்ணு, வானிலை மையம் சொல்ற 24 மணி நேர மழைங்கறது காலை 8.30-ல இருந்து மறுநாள் காலை 8.30 வரைக்கும். நம்ம ஸ்டேஷன் நடு ராத்திரி 12 மணிக்கு ஜீரோ ஆகிடும். இது தெரியாம பேப்பர்ல வந்த நுங்கம்பாக்கம் கணக்கோட ஒப்பிட்டு ஸ்டேஷன் சரியில்லன்னு நிறைய பேர் திட்டுறாங்க, பாவம் அது மேல ஒரு தப்பும் இல்ல. ஆப்ல இருந்து டேட்டாவை எக்ஸெல்லுக்கு எடுத்து எட்டரைக்கு எட்டரை கூட்டிப் பாருங்க. கனமழைன்னு மையம் சொல்றது 64.5 மிமீ தாண்டினா, மிக கனமழை 115.6-ல ஆரம்பிக்குது, 204.4-க்கு மேல போனா அதி கனமழை. இந்த எண்ணை எழுதி மானி லாக் நோட்டோட முதல் பக்கத்துல வெச்சுக்கிட்டா டிவில ஆரஞ்சு அலர்ட், ரெட் அலர்ட்னு சொல்றப்ப நம்ம மாடில விழறதோட ஒப்பிட்டு பாக்க அவ்வளவு தெளிவா இருக்கும்.

டெம்பரேச்சர் பத்தி சொல்லணும்னா, இங்கதான் ஆல்-இன்-ஒன் மாடலோட அடிப்படை சிக்கல் இருக்கு. தெர்மாமீட்டர் தரைல இருந்து ஒண்ணேகால்ல இருந்து ரெண்டு மீட்டர் உயரத்துல, புல் தரைக்கு மேல, நிழல் கூண்டுக்குள்ள இருக்கணும், காத்து மீட்டர் பத்து மீட்டர் உயரத்துல திறந்த வெளில இருக்கணும், இதான் முறை. ரெண்டையும் ஒரே கம்பத்துல மாட்டினா ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா அடி வாங்கும். நம்ம மொட்டை மாடி சித்திரை வெயில்ல எப்படி கொதிக்கும்னு தெரியும்ல, அந்த சூடு அப்படியே மேல ஏறி சென்சார்ல படும், மதியம் நிஜ டெம்பரேச்சரை விட கூடத்தான் காட்டும், காத்து அசையாத நாள்ல இன்னும் மோசம். எனக்கு 42 காட்டுதுன்னு போஸ்ட் போடறதுக்கு முன்னாடி மீனம்பாக்கம் ஏர்போர்ட் வெதர் ஸ்டேஷன் என்ன காட்டுதுன்னு ஒரு தடவை பாத்துடுங்க. நான் அதே கேட்வேயோட பேசற தனி டெம்பரேச்சர் சென்சார் ஒண்ணு வாங்கி கீழ கொய்யா மரத்துக்கிட்ட, அடுக்கடுக்கா தட்டு வெச்ச வெள்ளை கூண்டுக்குள்ள மாட்டிருக்கேன், அது நம்பற மாதிரி இருக்கு. கூடுதல் சென்சார் சேக்க முடியறது இந்த வகை கேட்வேயோட பெரிய பிளஸ்.

காத்து வேகத்தை மறந்துடுங்க. சுத்தி அபார்ட்மென்ட், தண்ணி டேங்க், தென்னை மரம், எல்லாத்துலயும் மோதி சுழன்டு வர்ற காத்தை எந்த மீட்டர் வந்தாலும் சரியா அளக்காது. திசை மட்டும் ஓரளவு பிரயோஜனம், அதுவும் கடல் காத்துக்காக. மே மாசத்துல மேற்குல இருந்து அனல் அடிச்சிட்டே இருக்கும், திடீர்னு முள்ளு கிழக்கு பக்கம் திரும்பும், ஹியூமிடிட்டி கோடு செங்குத்தா ஏறும், டெம்பரேச்சர் கோடு இறங்கும், கடல் காத்து வீட்டுக்கு வந்துடுச்சுன்னு அந்த மூணு கோடும் சேர்ந்து சொல்லும். அது வர லேட் ஆகற நாள்லதான் சென்னை 40-ஐ தாண்டும். அம்மா இப்பல்லாம் "கடல் காத்து வந்துடுச்சாடா, மாடிக்கு போய் வத்தலை எடுத்துடவா"ன்னு கேக்குறாங்க, அந்த ஒரு கேள்விக்கே வாங்கினது சந்தோஷமா இருக்கு.

யாருமே சொல்லாத விஷயம் ஒண்ணு, காற்றழுத்த கிராஃப். வாங்கறப்ப நான் அதை பெருசா நினைக்கல, இப்ப தினமும் முதல்ல அதைத்தான் பாக்குறேன். நம்ம மாதிரி வெப்ப மண்டலத்துல அழுத்தம் தினமும் ரெண்டு தடவை ஏறி இறங்கும், காலை பத்து மணி வாக்குல உச்சம், மாலை நாலு மணி வாக்குல தாழ்வு, திரும்ப ராத்திரி பத்துக்கு ஏறி விடியக்காலை நாலுக்கு இறங்கும். வித்தியாசம் மூணு நாலு ஹெக்டோபாஸ்கல்தான் (அழுத்தத்தை அளக்கற அலகு), ஆனா கடிகாரம் தப்பினாலும் இது தப்பாது. வங்கக்கடல்ல புயல் உருவாகி கிட்ட வந்தா அந்த அலை கலைஞ்சு, ஏற வேண்டிய நேரத்துலயும் ஏறாம கோடு கீழ போய்க்கிட்டே இருக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் சென்னை மேலயே கடந்து போச்சே, புயலோட கண் வந்தப்ப காத்து அப்படியே நின்னு அப்புறம் எதிர் திசைல அடிச்சது, அன்னிக்கு இப்படி ஒரு ஸ்டேஷன் நம்மகிட்ட இருந்திருந்தா அந்த கிராஃபை பிரேம் போட்டு வெச்சிருப்பேன். அழுத்தம் சரியா காட்ட மீனம்பாக்கம் ஏர்போர்ட் அரை மணிக்கு ஒரு தடவை வெளியிடற கடல் மட்ட அழுத்தத்தோட ஒப்பிட்டு ஆப்ல ஒரு தடவை செட் பண்ணா போதும்.

மாட்டறதை பத்தி: ஹார்டுவேர் கடைல ஒரு ஜிஐ பைப், யூ கிளாம்ப், துரு புடிக்காத ஸ்க்ரூ வாங்கிக்கங்க, கூட வர்ற ஸ்க்ரூ கடலோர காத்துக்கு தாங்காது. கம்பம் கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் கிண்ணம் தப்பா கொட்டும், அதனால ரசமட்டம் வெச்சு பாத்து மாட்டுங்க. மழைமானி வாய்க்கு மேல மரக்கிளையோ சுவரோ மறைக்கக் கூடாது. புரட்டாசி கடைசில ஏறி புனலை கழட்டி கழுவணும், எறும்பு கூடு கட்டும், வேப்பிலை அடைக்கும், காக்கா எச்சம் விழும், அடைச்ச புனல்ல மழை பெஞ்சா ஸ்டேஷன் ஜீரோ காட்டிட்டு சும்மா இருக்கும். புயல் நேரத்துல கரண்ட் போகும்ல, கேட்வேயும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கட்டும், இல்லன்னா ஸ்கிரீன் இல்லாத கேட்வே மாடல்ல அந்த மணி நேரங்களோட கிராஃப் போயிடும், முக்கியமான ராத்திரியே வெத்து கோடா நிக்கும்.

இதைவிட மேல போகணும்னா அமெரிக்க கம்பெனி டேவிஸ் வான்டேஜ் வ்யூ இருக்கு, காத்து ரெண்டரை செகண்டுக்கு ஒரு தடவை அப்டேட் ஆகும், நம்ம மாடல்ல பதினாறு செகண்ட். ஆனா அதுல வெயில், யூவி சென்சார் கிடையாது, விலையும் அதிகம். மழை மட்டும்தான் வேணும்னா அதுவும் வேணாம் இதுவும் வேணாம், குழாய் மானி ஒண்ணு போதும், தினம் காலைல மாடி ஏற சோம்பல் படாதவங்களா இருந்தா.

ஆர்டர் போடறப்ப ரெண்டு விஷயம் பாத்துடுங்க. மாடி யூனிட் கேட்வேயோட ரேடியோ அலைலதான் பேசும், வெளிநாட்டு சைட்ல அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் வெர்ஷனும் விப்பாங்க, அது இங்க லைசென்ஸ் இல்லாம ஓட்டக்கூடிய அலைவரிசை இல்ல, 433 மெகாஹெர்ட்ஸ் வெர்ஷன் கேட்டு வாங்குங்க. அப்புறம் கேட்வே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைலதான் சேரும், ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆன் பண்ணி வெச்சிருந்தா செட்டிங்ல போய் ரெண்டையும் ஆன் பண்ணிடுங்க.