1275 என்று சொல்லி 1098-ஐத் தலையில் கட்டினார்கள்

பழைய பிரிட்டிஷ் காரான மாரிஸ் மைனரில் எஞ்சின் மாற்றும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என் கார் 1960-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அதில் இருந்தது 948 சிசி எஞ்சின். மேடு ஏறும்போது திணறல், பின்னால் நீலப் புகை. ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டர்களைச் சற்றே பெரிதாகக் கடைந்து), கிராங்க் கிரைண்டிங் முடித்து (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைத் தேய்த்துச் சீராக்கி), அதே எஞ்சினை மீண்டும் பூட்ட வேண்டும் என்பதுதான் என் விருப்பம். பட்டறைக்காரர் பிளாக்கை, அதாவது எஞ்சினின் இரும்பு உடலைப் பார்த்தார். "இதில் விரிசல் இருக்கிறது சார், இதற்குச் செலவு செய்வது வீண். என்னிடம் 1275 இருக்கிறது. முழுவதும் பிரித்து வேலை செய்து தருகிறேன்" என்றார். விரிசலைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கேதான் ஏமாந்தேன்.

அவர் சொன்னதில் நம்பக்கூடிய பகுதியும் இருந்தது. 1951-இல் ஆஸ்டின் ஏ30-க்காக 803 சிசி-யில் தொடங்கிய ஏ-சீரிஸ் எஞ்சின்தான் வளர்ந்து 948, 1098, 1275 என்று வந்தது. மைனரில் 1275 பூட்டி ஓட்டுபவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். 948 தருவது 37 குதிரைத்திறன். எம்ஜி மிட்ஜெட் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் வந்த 1275 தந்தது 65. ஆசை வராமல் இருக்குமா? ஆனால் இந்த எஞ்சின்கள் எல்லாம் வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும். மேலே பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டால் எது எந்த அளவு என்று பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாது. மோசடி அந்த இடத்தில்தான் நுழைகிறது.

வண்டி கைக்கு வந்தபோது எஞ்சின் புதிது போலப் பளபளத்தது. பில்லில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள்: 1275 எஞ்சின், ரீபோர், புதிய பிஸ்டன், கிராங்க் பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) கிரைண்டிங், புதிய ஷெல் (கிராங்கைத் தாங்கும் பேரிங் தகடு). என் பழைய எஞ்சினின் எண் தகட்டைக் கழற்றி இந்தப் பிளாக்கில் ரிவெட் அடித்திருந்தார்கள். "காகிதத்தில் சிக்கல் வராது சார்" என்றார். எனக்கு உதவி செய்கிறார் என்றே நினைத்தேன்.

சில வாரங்களில், எஞ்சின் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கத் தொடங்கியது. தனியாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கிப் பூட்டினேன். நல்ல நிலையில் உள்ள ஏ-சீரிஸ், ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அளவிலும் ஐட்லிங்கில் 15 அளவிலும் காட்ட வேண்டும். என்னுடையது ஓட்டத்தில் 25-ஐத் தாண்டவில்லை. ஐட்லிங்கில் முள் அடியில் படுத்துவிட்டது. பட்டறைக்காரரிடம் சொன்னால், "புது எஞ்சின் செட் ஆக வேண்டும், கெட்டி ஆயில் ஊற்றுங்கள்" என்ற பதில்தான் வந்தது.

அதன் பிறகுதான் வயதான லேத் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனேன். அவர் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. கார்புரேட்டர் பக்கம் குனிந்து, மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். "தம்பி, இங்கே இரண்டு தகட்டு மூடி இருக்கிறது பார். டாப்பெட் மூடி, வால்வைத் தள்ளும் பாகங்களை மூடுவது. மினி கூப்பர் எஸ்-இல் வந்ததை விட்டுவிட்டால், 1275 பிளாக்கில் இது இருக்காது" என்றார். ஹெட்டை இறக்கி அளந்தோம். 1275-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதில் இருந்தது 64.6. அதாவது 1098.

மீதி வேலையும் பொய். போரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. பல ஆண்டுகள் ரிங் தேய்த்து உண்டாக்கிய வரம்பு அது. ரீபோர் செய்திருந்தால் அது இருக்கவே முடியாது. பிஸ்டன் தலையில், ரீபோருக்கு ஏற்ற பெரிய அளவைக் காட்டும் ஓவர்சைஸ் குறியும் இல்லை. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி ஷெல்களை எடுத்துத் திருப்பினோம். கிராங்கைப் பத்து தௌ கிரைண்ட் செய்திருந்தால் ஷெல்லின் முதுகில் 010 என்று அச்சு இருக்கும். இவற்றில் ஸ்டாண்டர்ட் அளவுக் குறிதான் இருந்தது. ஷெல்லின் உள்பக்கம் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் வெளியே தெரிந்தது. ஆயில் உறிஞ்சும் வலையில் சிவப்பு சிலிக்கான் பசைத் துணுக்குகள் அடைத்துக் கிடந்தன. பெயின்ட் மட்டும்தான் புதிது.

படங்களோடு போய்க் கேட்டேன். முதலில் மறுத்தார், பிறகு வேலையாள் மேல் பழி போட்டார். என் பழைய பிளாக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றார். பணம் போனதைவிட எனக்கு வலித்தது அதுதான். காரோடு பிறந்த எஞ்சின் அது.

எஞ்சினை மூடுவதற்கு முன்பு நேரில் போய்ப் பாருங்கள். ஷெல்லின் முதுகையும் பிஸ்டன் தலையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர் அளவை உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பழைய பிளாக்கை, உடைந்ததே ஆனாலும், வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். எண் தகட்டை வேறு பிளாக்குக்கு மாற்ற யாரையும் விடாதீர்கள். எஞ்சின் மாறினால் வாகனப் பதிவிலும் முறைப்படி மாற்றுங்கள். இன்னொன்று, 948 காலத்து மைனரின் முன்பிரேக் டிரம் 7 அங்குலம்தான். 1098 வந்தபோது கம்பெனியே அதை 8 அங்குலமாக்கியது. எனக்கு 1275 தருவதாகச் சொன்னவர் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அந்த 1098 லேத் மெக்கானிக்கிடம் இருக்கிறது; இந்த முறை ரீபோர் உண்மையாகவே நடக்கிறது, முன்பக்கம் 8 அங்குல டிரம்மும் வருகிறது. எண் தகடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. டைனமோ பிராக்கெட்டுக்கு மேலே தகடு பிடுங்கப்பட்டு, ரிவெட் ஓட்டைகள் வெறுமையாக இருக்கும் 948 பிளாக் எங்காவது விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.