6,84,000 ரூபாய் போனது: போட்ஸ்வானா கூடார சஃபாரிக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் படிக்கவும்

கடந்த வியாழக்கிழமைதான் ஊர் திரும்பினோம். பெட்டிக்குள் கிடக்கும் மணலைக்கூட இன்னும் உதறவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதினால் நாகரிகம் கருதிப் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். போட்ஸ்வானாவில் ஆறு இரவுக் கூடார சஃபாரிக்கென்று நானும் என் மனைவியுமாக 6,84,000 ரூபாய் கட்டினோம். கிடைத்தவை இரண்டு இரவுகள், அவையும் சொன்ன இடத்தில் அல்ல. இத்தகைய பயணத்துக்கு யாரிடம் விசாரிப்பது, எதையெல்லாம் கேட்டு வாங்குவது, பணத்தை எப்படிக் கட்டுவது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்து, அதில் கடைசி ஆறு ஆண்டுகள் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் அனுப்ப வந்தவர்களை எதிரே உட்காரவைத்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, யாருக்கு அனுப்புகிறீர்கள், அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று துருவித் துருவிக் கேட்டவன். அந்த நான்தான் இதைச் செய்தேன்.

என் மனைவிக்கு யானை என்றால் உயிர். திருமணமான நாளிலிருந்து முதுமலைக்கும் கபினிக்கும் எத்தனை முறை போயிருப்போம் என்று கணக்கே இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் எங்கள் மகன், போட்ஸ்வானாவில் சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரம் யானைகள் இருப்பதாகவும், உலகில் வேறெந்த நாட்டிலும் அவ்வளவு இல்லை என்றும் பேச்சுவாக்கில் சொல்லிவைத்ததிலிருந்து அவளுக்கு வேறு ஊரே கண்ணில் படவில்லை. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் ஆண்டின் தொடக்கத்தில் பெய்யும் மழை மெதுவாக இறங்கி வந்து ஜூன், ஜூலை மாதங்களில், அதாவது ஊரே காய்ந்து கிடக்கும் காலத்தில், ஒகவாங்கோ டெல்டாவை நிறைக்கும். அப்போதுதான் விலங்குகள் தண்ணீரை நாடிக் கூடும் என்று படித்து, ஜூலை மாதத்தை முடிவு செய்தோம்.

சஃபாரி நடத்துபவர்களின் திட்டங்களை வரிசையாக அடுக்கி, விலையையும் வாடிக்கையாளர் மதிப்புரைகளையும் ஒப்பிட்டுக் காட்டும் இணையதளம் ஒன்றின் வழியாகத்தான் இந்த நடத்துநர் கிடைத்தார். புகார் நிலுவையில் இருப்பதால் இருவர் பெயரையும் இங்கே எழுதவில்லை. டெல்டாவை ஒட்டிய மவுன் நகரில் ஏற்றிக்கொண்டு, மொரெமி வனவிலங்குக் காப்பகத்தில் இரண்டு இரவு, க்வாயில் இரண்டு, சவூட்டியில் இரண்டு, கடைசியில் சோபே ஆற்றில் படகுப் பயணம் முடித்துக் கசானேயில் இறக்கிவிடுவது திட்டம். வாகனம் எங்களுக்கு மட்டுமே. நிமிர்ந்து நடக்கும் உயரமுள்ள கான்வாஸ் கூடாரம், உள்ளே கட்டில், கம்பளி, தனிச் சமையல்காரர், நுழைவுக் கட்டணம் உட்பட இருவருக்கும் 7,20,000 ரூபாய்.

நம்பிக்கை வந்த நிமிடத்தை என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். வீடியோ அழைப்பில் வந்த மனிதர் அழகான ஆங்கிலம் பேசினார்; பின்னால் ஒரு கூடாரம் தெரிந்தது. என் மனைவி அசைவம் தொடாதவள் என்றேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுந்துபோய், நீல மூடி போட்ட ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து கேமரா முன் தூக்கிக் காட்டி, “இது சைவத்துக்கு மட்டும். இதில் இதுவரை இறைச்சி பட்டதில்லை, படவும் படாது. அம்மாவிடம் சொல்லுங்கள்” என்றார். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நாங்கள் எதையும் கேட்கவில்லை. நிறுவனப் பதிவு எண்ணையும் கேட்கவில்லை, கூடாரத் தலங்களை முன்பதிவு செய்த ரசீதையும் கேட்கவில்லை. ஒரு மூடியின் நிறத்தைப் பார்த்து மனம் இளகிப்போனது.

இரண்டு நாள் கழித்து, இணையதளத்தின் தரகுத்தொகை இல்லாமல் நேரடியாக வங்கி மூலம் அனுப்பினால் ஐந்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் செய்தி வந்தது. “அப்பா, கார்டுலயே கட்டுங்க, போனாப் போகுது” என்று மகன் இரண்டு முறை சொன்னான். 36,000 ரூபாய் சும்மா வருகிறதே என்று நான் 6,84,000 ரூபாயை அனுப்பினேன். பெறுபவர் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. வங்கியும் போட்ஸ்வானாவில் இல்லை, வேறு நாட்டில் இருந்தது. இரண்டையும் கவனித்தேன். கவனித்துவிட்டும் கையெழுத்துப் போட்டேன்.

மவுன் விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு பழைய லேண்ட் க்ரூஸர் வந்தது. ஓட்டிவந்த இளைஞரிடம் வழிகாட்டி உரிமம் இல்லை, ஓட்டுநர் உரிமம் மட்டுமே இருந்தது. சமையல்காரர் வரவில்லை. “ஏங்க, இந்தப் பையனுக்கே நம்மளப் பத்தி ஒண்ணும் தெரியலையே” என்றாள் மனைவி மெதுவாக. உண்மைதான், முந்தைய நாள்தான் அவரைத் தொலைபேசியில் அழைத்து நாள்கூலிக்கு அமர்த்தியிருக்கிறார்கள், அதிலும் பாதிக்கூலிதான் கைக்கு வந்திருக்கிறது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பயணத்தில் எங்களிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

மொரெமியின் தெற்கு வாயிலில் வண்டவாளம் வெளியே வந்தது. பட்டவானா மக்கள் 1963இல் தங்கள் வேட்டை நிலத்தைத் தாங்களே ஒதுக்கி உருவாக்கிய காப்பகம் அது. உள்ளே இரவு தங்க வேண்டுமானால் கூடாரத் தலத்தை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். வாயில் அலுவலகத்திலிருந்த அம்மையார் பதிவேட்டில் விரலை மேலிருந்து கீழாக நகர்த்தினார், பிறகு கீழிருந்து மேலாக நகர்த்தினார். எங்கள் பெயரும் இல்லை, நடத்துநர் பெயரும் இல்லை. நான் அச்சிட்டு எடுத்துப் போயிருந்த பயணத் திட்டத்தை வாங்கிப் படித்தவர், ‘முதல் நாள்: மொரெமிக்குள் இரவுநேர விலங்கு உலா’ என்ற வரியில் பேனாவை வைத்து, காப்பகத்துக்குள் இருட்டிய பிறகு வண்டி ஓட்டவே அனுமதி கிடையாது, இதை எழுதியவருக்கு இந்த இடம் தெரியாது என்றார். இரவு உலாவெல்லாம் க்வாய் போன்ற கிராமச் சமூகங்களின் நிலத்தில்தானாம். இந்த ஒரு வரியைச் சரிபார்த்திருந்தால் வீட்டில் உட்கார்ந்தே பிடித்திருக்கலாம்.

அன்றிரவு வாயிலுக்கு வெளியே, கிராமத்தார் நடத்தும் கூடாரத் தலம் ஒன்றில் கையிலிருந்த பூலாவைக் கொடுத்து இடம் பிடித்தோம். (அந்த நாட்டு நாணயத்தின் பெயருக்கு மழை என்று பொருள், எங்கள் பையில் அது கொட்டித் தீர்ந்தது.) வண்டியிலிருந்து இறங்கிய கூடாரம் இடுப்பு உயரம்தான் இருந்தது, தவழ்ந்துதான் உள்ளே போக முடிந்தது. ஜூலை அங்கே குளிர்காலம். பகலில் சட்டை போதும், விடியற்காலையில் விரல் மரத்துப்போகும். கட்டிலும் இல்லை, கம்பளியும் இல்லை, மெல்லிய தூக்கப்பை இரண்டு மட்டும். அந்தத் தலத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர் தம் வீட்டுக் கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுக்காவிட்டால் என்ன செய்திருப்போமோ தெரியாது. காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

நீல மூடியைத் தேடினேன். வண்டியில் இருந்தது ஒரே ஒரு வாணலி; அதன் விளிம்பில் மாட்டுக் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. அந்த ஊரில் மாட்டிறைச்சி அன்றாட உணவு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓட்டுநர் தம்பி தனக்குத் தெரிந்தவரை சுடுநீர் ஊற்றி, மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். என் மனைவி ரொட்டியும் வாழைப்பழமுமாக மூன்று நாளைத் தள்ளினாள்.

இரண்டாம் நாள் மறுபடியும் கைக்காசைக் கட்டிப் பகல் நேரத்துக்கு மட்டும் உள்ளே போய் வந்தோம். யானைகளைப் பார்த்தோம், நீர்யானைகளைப் பார்த்தோம், நீருக்குள் துள்ளி ஓடும் லெச்வே மான்களைப் பார்த்தோம்; இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் க்வாய் போகும் மணற்பாதையில் கிளட்ச் போய் வண்டி நின்றது. ஐந்து மணி நேரம் ஒரு மொபானே மரத்தடியில், இறங்கி நாலடி வைக்கவும் பயந்து, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அவ்வழியே சரக்கு ஏற்றிப்போன லாரிக்காரர் கட்டி இழுத்துக்கொண்டுவந்து மவுனில் விட்டார். சவூட்டியும் சோபேயும் அத்தோடு போயின. மீதி நாட்களுக்கான விடுதிச் செலவு தனிக் கணக்கு. அதை நான் 6,84,000 ரூபாயில் சேர்க்கவில்லை.

அதன்பிறகு நடந்த அலைக்கழிப்புதான் எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுகிறது. முதல் நாள், முதலாளி காட்டுக்குள் இருக்கிறார், சிக்னல் இல்லை என்று பதில். அடுத்த நாள், வாகனப் பழுது தங்கள் கட்டுப்பாட்டை மீறிய நிகழ்வு என்று ஒரு பத்தி. மூன்றாம் நாள், பணம் திரும்பப் பெற 14 வேலை நாட்கள் ஆகும் என்று ஒரு படிவம். அதில் என் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். நான் நிரப்பவில்லை. நான்காம் நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான். மவுன் காவல் நிலையத்தில் மரியாதையாக உட்காரவைத்து வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பணம் போன கணக்கு அவர்கள் நாட்டிலேயே இல்லை.

ஒப்பீட்டு இணையதளத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில், கையெழுத்துப் பெயர் மட்டும் மாறியது: பணம் எங்கள் தளத்தின் வழியே கட்டப்படவில்லை, எனவே எங்களுக்குப் பொறுப்பில்லை. தள்ளுபடி ஆசை காட்டித் தளத்துக்கு வெளியே இழுத்தது அவர்கள் பட்டியலிட்ட ஆள்தானே என்று கேட்டதற்கு, கருத்துக்கு நன்றி என்றார்கள். அந்த விளம்பரம் இன்று காலையும் அதே கூடாரப் படத்துடன், அக்டோபர் மாதத்துக்கு இரண்டே இடங்கள் மீதம் என்ற வரியுடன் அப்படியே இருக்கிறது. கடைசியில் என் பழைய கிளைக்கே போனேன். எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த பிள்ளை கோப்பைப் பார்த்துவிட்டு, “சார், நீங்க சொல்லித்தானே நாங்க கத்துக்கிட்டோம்” என்றார். குத்திச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. பணத்தைத் திரும்பக் கோரும் செய்தி போயிருக்கிறது, பதில் இல்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறேன்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், கூடுதல் கட்டணம் போனால் போகட்டும். ஒவ்வோர் இரவுக்கும் கூடாரத் தலப் பதிவு ரசீதை உங்கள் பெயரோடு முன்கூட்டியே கேட்டு வாங்கி, அந்தத் தலத்தாரிடமே எழுதிக் கேட்டு உறுதி செய்யுங்கள். வழிகாட்டியின் உரிமத்தைக் கேளுங்கள். காப்பகத்துக்குள் இரவு உலா என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வீடியோ அழைப்பில் நீல மூடி போட்ட பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி உங்களில் யாரிடமாவது ஒருவர் பேசியிருந்தால், தயவுசெய்து பணத்தை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். அக்டோபருக்குப் பதிவு செய்தவர்கள் இருந்தால் இன்றே எழுதுங்கள். திங்கட்கிழமை சைபர் குற்றப் பிரிவுக்கு நேரில் போகிறேன், இன்னொருவர் வாக்குமூலமும் கையில் இருந்தால் நல்லது.